விறாந்தையும் முற்றமும்: எங்கள் வீட்டு நத்தார் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

சென்ற கார்த்திகை முடிவில் நண்பர்கள் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில் பேச்சு நத்தார் பக்கம் திரும்பியது. நான் நீண்டகாலமாக மதித்து வரும் நண்பர் ஒருவர், எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காதவர், சொன்னார்: "நத்தார் எண்டது பறங்கி விட்டிட்டுப் போன மிச்சம். சொல்லே அவன்ரை சொல்லு. நீங்கள் இஞ்சை வந்து வெள்ளைக்காரனோடை சேர்ந்து மெழுகுதிரி கொளுத்திறியள். அவன்ரை சாமானை அவனிட்டையே திருப்பிக் குடுக்கிறியள், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல் விடயத்தில் அவர் கூறியது சரி. நத்தார் என்பது போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், குசினி எல்லாம் அதே கப்பலில் வந்த சொற்களே. குசினி என்ற சொல்லை வைத்து எங்கள் அம்மாமார் அங்கே சமைத்தது லிஸ்பன் சமையல் என்று எவரும் வாதிடுவதில்லை. இருந்தும் நண்பரின் பேச்சைச் சிரித்து விட்டுவிட என்னால் முடியவில்லை. வீட்டில் நாம் கொண்டாடிய அந்தப் பண்டிகை யாருடையது என்ற கேள்வி புலம்பெயர்ந்த எமக்கு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பிள்ளைகளுக்கு எதைக் கையளிக்கப் போகிறோம் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

சிரட்டையில் முளைத்த குரக்கன்

நான் பிறந்து வளர்ந்தது வலிகாமம் மேற்கில், சில்லாலையிலிருந்து சைக்கிளில் கால்மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரில். ஐம்பதுகளின் இறுதியும் அறுபதுகளின் தொடக்கமும் என் சிறுபராயம். இன்று 'திருவருகைக் காலம்' என்று சொல்வதை அன்று 'ஆகமன காலம்' என்றார்கள். கோயிலில் சுவாமியார் ஊதா உடுப்புப் போடுவார். அந்த நாலு வாரமும் ஆடம்பரமான கலியாணம் நடவாது. கோயிலைப் பொறுத்தவரை எமக்குத் தெரிந்தது அவ்வளவே. மற்றதெல்லாம் வீட்டில் நடந்தது.

முதல் ஞாயிறு கழிந்ததும் அம்மம்மா சிரட்டைகளை எடுத்து மண் நிரப்பித் தருவா. அதில் குரக்கனும் பயறும் தூவி, பிள்ளைகள் ஆளுக்கொரு சிரட்டைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். நத்தாருக்குள் பச்சையாக வளர்ந்து நிற்கும் அந்த முளைகள்தான் பாலன் குடிலின் வயல்கள். கிடுகால் கூரை, குளத்துக் களிமண்ணால் ஆடுமாடு. கன்னியர்மடத்துப் பள்ளியில் சொல்லித் தந்தபடி, செய்த ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் ஒரு வைக்கோல் தொட்டிலில் போடலாம். கள்ளக் கணக்குக் காட்டி நான் போட்ட வைக்கோல்கள் அனேகம். பாலன் சுரூபம் மட்டும் அலுமாரிக்குள் துணியில் சுற்றியபடி இருக்கும். சாமப் பூசை முடிந்து வந்த பின்னரே அது தொட்டிலில் வைக்கப்படும். அதுவரை குடில் வெறுமையாக இருக்கும். காத்திருத்தல் என்றால் என்ன என்பதை நான் அந்த வெறும் தொட்டிலைப் பார்த்தே விளங்கிக் கொண்டேன்.

பின்னேரம் விளக்கு வைத்ததும் விறாந்தையில் பாய் விரித்துச் செபமாலை. விடியற்காலையில், மார்கழிப் பனிக்குள், திருவெம்பாவைக்காக அயலில் சங்கும் சேமக்கலமும் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு எழும்பி அம்மா அடுப்பு மூட்டுவா. அவர்களும் எதற்கோ காத்திருந்தார்கள், நாங்களும் காத்திருந்தோம். மா இடித்தல், வறுத்தல், அரித்தல், பயற்றம் பணியாரம், சிப்பி, முறுக்கு, தொதல் என்று கடைசி வாரம் முழுவதும் பெண்கள் குசினியைவிட்டு வெளியே வந்ததில்லை. சைவ வீடுகளுக்குக் கொடுக்கும் பலகாரம் முட்டை சேர்க்காமல், வேறு சட்டியில், ஆட்டிறைச்சி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே சுட்டு முடிக்கப்படும். அந்தத் தட்டுகள் தைப்பொங்கலன்று புக்கையோடு திரும்பி வரும்.

குரக்கன் முளைக்க வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? பின்னாளில் வாசித்தபோது, போர்த்துக்கலின் தெற்கிலும் மடெய்ரா தீவிலும் நத்தாருக்கு முன் கோதுமையை முளைக்கவிட்டுக் குடிலருகே வைப்பதை அறிந்தேன். கோவாவிலும் குடிலுக்குக் கேழ்வரகு, அதாவது எங்கள் குரக்கன், முளைக்க வைக்கிறார்கள். அப்படியென்றால் நண்பர் சொன்னதுதானே சரி? ஆனால் எங்கள் அயலில் சைவக் கலியாண வீடுகளில் முளைப்பாலிகை போடுவதை அம்மம்மா சிறுவயதிலிருந்தே பார்த்திருந்தா. அவவின் கைக்கு அந்தப் பழக்கம் எந்த வழியாக வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு வழியாலும் வந்திருக்கலாம். வெளியிலிருந்து வந்த ஒரு வழக்கம் ஊரில் ஏற்கனவே இருந்த ஒன்றோடு பொருந்தும்போதுதான் வேர் விடுகிறது என்பது என் எண்ணம்.

பூட்டிய கதவுகளுக்குப் பின்னால்

ஆனால் 'யாருடைய வழக்கம்' என்பதைவிட 'அதைக் காப்பாற்ற என்ன விலை கொடுக்கப்பட்டது' என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரின் நேரடி ஆட்சிக்குள் போனது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. எமது மதம் அப்போது அதிகாரத்தின் மதம். அதை மறைப்பதில் பயனில்லை. அந்தக் காலத்தில் சைவர்கள் தம் விரதங்களை வீட்டுக்குள் ஒளித்தார்கள். விரதச் சாப்பாடு சாப்பிட்ட வாழையிலையை வெளியில் எறிந்தால் பிடிபடலாம் என்று கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்பது யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் தெரிந்த செவிவழிச் செய்தி. ஆபத்து நீங்கிப் பல தலைமுறைகளுக்குப் பிறகும் இலையை இறப்பில் செருகும் பழக்கம் சில வீடுகளில் தொடர்ந்தது.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு செப்ரெம்பரில், கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்ற கட்டளை வந்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் கலியாணப் பதிவும் அச்சபை மூலமே. பள்ளிக்கு வராவிட்டால் தண்டப்பணம். இப்போது ஒளிப்பது கத்தோலிக்கரின் முறையாயிற்று. பகலில் ஒல்லாந்தரின் பிரசங்கத்துக்குப் போனவர்கள் இரவில் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுச் செபமாலை சொன்னார்கள். ஒரே நூற்றாண்டுக்குள், ஒரே ஊர்களில், முதலில் சைவரும் பின்னர் கத்தோலிக்கரும் தம் வழிபாட்டை வீட்டின் உட்பகுதிக்குள் கொண்டுபோய் ஒளித்தார்கள். எமது சமய வரலாற்றை எழுதியவர்கள் இரு தரப்பிலும் தத்தமக்கு நேர்ந்த பாதியை மட்டுமே பெரும்பாலும் எழுதினார்கள்.

கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தது 1687இல். இருபத்தொன்பது ஆண்டுகள் குருவே இல்லாமல் இருந்த மக்களை அவர் தேடிய முறை எல்லோரும் அறிந்தது. கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நின்று, அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். அதாவது அவர் வருவதற்கு முன்பே வீடுகளுக்குள் ஏதோ ஒன்று உயிரோடு இருந்திருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் குருமார் அல்லர். பாஸ்காத் திருநாளைக் கணிக்கப் பஞ்சாங்கம் அறிந்த ஒருவர் வேண்டும். நத்தாருக்கோ மாறாத திகதி உண்டு. குருவில்லாத வீடுகளில் ஆண்டின் நடுத்தூணாக நத்தார் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாஸ் அடிகளார் சில்லாலையில் தங்கிப் பணிசெய்த காலத்தில், 1689 நத்தார் இரவில், பூசைக்காக யாழ்ப்பாணத்தில் வீடுகளில் கூடியிருந்த கத்தோலிக்கர்மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தார்கள். முந்நூறு பேர்வரை பிடிபட்டதாக ஓராத்தோரியன் சபையின் வரலாறுகள் கூறுகின்றன. அடிகளார் தப்பினார். பிடிபட்டவர்களில் எட்டுப் பேருக்குக் கசையடி. அவர்களில் ஒருவர், சீர்திருத்தச் சபையை விட்டு மீண்டும் கத்தோலிக்கரானவர், அடியின் காரணமாகவே இறந்தார். இவற்றை எழுதி வைத்தவர்கள் பாதிக்கப்பட்ட தரப்பினர் என்பதை மனதில் வைத்தே நாம் வாசிக்க வேண்டும். ஆயினும் சம்பவத்தின் சாரத்தைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

நண்பருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இங்கேதான் இருக்கிறது. பறங்கி விட்டுப்போன மிச்சம் என்றால், பறங்கி போன பின்பு அதை விட்டுவிடுவதுதான் இலாபம். விடாதவர்களுக்குத் தண்டமும் கசையடியும் கிடைத்தன. கத்தோலிக்கர்மீதான தடைகள் சட்டப்படி நீங்கியது பிரித்தானிய ஆட்சியில், 1806இல். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அதிகாரத்துக்கு எதிராகக் காக்கப்பட்ட ஒன்றை, அதிகாரத்தோடு வந்தது என்ற ஒரே காரணத்துக்காக அந்நியம் என்று தள்ள முடியாது.

யோசப் வாஸ் 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அன்றே பாப்பரசர் மடுவுக்கும் போனார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு குறை இருந்தது. பூசை வைத்தவரின் பெயர் எமது செபங்களில் ஏறிவிட்டது. கதவைத் திறந்துவிட்டு அடி வாங்கிய வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி எவரும் செபிப்பதில்லை.

தமிழ் பேசிய விறாந்தை

இன்னொரு விடயமும் கவனிக்கப்படுவதில்லை. அறுபதுகளின் நடுப்பகுதிவரை கோயிலில் பூசை இலத்தீனில். பிரசங்கமும் பாட்டும் தமிழில் இருந்தாலும், பீடத்தில் நடப்பது எமக்கு விளங்காத மொழியில் நடந்தது. சாமப் பூசையில் நான் அரை நித்திரையில் கேட்டதெல்லாம் இலத்தீன். ஆனால் வீட்டில் கடவுள் தமிழில் மட்டுமே பேசினார். சர்வேசுரன், சம்மனசு, அர்ச்சியசிஷ்டர் என்று வடமொழி கலந்த பழந்தமிழ்தான். அம்மம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்த நீண்ட மன்றாட்டுகள் அனைத்தும் அவவுக்கு மனப்பாடம். 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தவற்றுள் வியாகுலப் பிரசங்கம் தவசு காலத்தில் தலைமுறை தலைமுறையாக இராகத்தோடு வாசிக்கப்பட்டது. மன்னார் மாதோட்டப் பகுதியில் மூவிராசாக்கள் வாசாப்பு ஆடினார்கள். இவையெல்லாம் பீடத்துக்கு வெளியே, குருத்துவம் பெறாதவர்களின் வாயில் வளர்ந்த தமிழ்.

1963 டிசெம்பர் 4இல், அதுவும் ஓர் ஆகமன காலத்தில், வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தனது ஏட்டை வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் பூசை திருப்பலியாயிற்று, தமிழில் வந்தது. நல்ல காரியம். ஆனால் அதன்பின் வீட்டுச் செபம் மெல்லச் சுருங்கியதையும் நான் கண்டேன். கோயிலே தமிழ் பேசத் தொடங்கியதும், அம்மம்மாவின் பழந்தமிழ் ஒரு கிழவியின் முணுமுணுப்பாக எமக்குத் தோன்றிவிட்டது. பீடத்தை அண்ட அனுமதிக்கப்படாத ஒரு பெண் முந்நூறு ஆண்டுப் பழமையான ஒரு பணியைச் செய்துகொண்டிருந்தா என்பதை நாங்கள் அப்போது உணரவில்லை.

முற்றம்

இதுவரை எழுதியது எமக்கு இனிக்கும் வரலாறு. இனி எழுதுவது கசப்பானது. அதைத் தவிர்த்தால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை.

விறாந்தையில் பாய் விரித்துச் செபமாலை சொன்னோம் என்றேன். அந்த 'நாம்' யார்? எங்கள் வளவில் பனை சீவிய குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களும் கத்தோலிக்கர். நத்தாருக்கு முந்திய நாட்களில் அவர்களும் செபத்துக்கு வருவார்கள். ஆனால் விறாந்தைக்கு ஏறமாட்டார்கள், முற்றத்தில் நிற்பார்கள். செபமாலையில் முன்பாதியை ஒருவர் சொல்ல மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வது வழக்கம். பின்பாதி விறாந்தையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் ஒன்றாக எழும். நத்தார்க் காலையில் சைவ அயலவர் வீட்டுக்குப் பலகாரத் தட்டு முன்வாசலால் போகும். எமது சொந்தச் சமயத்தவரான அந்தக் குடும்பத்துக்குப் பின்வாசலால் கொடுக்கப்படும், தேநீர் வேறு பேணியில். நான்தான் சில ஆண்டுகள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோயில்களும் வேறல்ல. யாழ்ப்பாணத்துப் பங்குகள் பல சாதிவழியே பிரிந்து நின்றவை. ஒரே ஊரில் இரு கோயில்கள் இருந்ததற்கு விசுவாசிகளின் தொகை மட்டும் காரணமல்ல. வாஸ் அடிகளாரே கொங்கணிப் பிராமணக் குடும்பத்தவர். கோவாவின் ஓராத்தோரியன் சபை அக்காலத்தில் அத்தகைய குடும்பங்களிலிருந்தே குருமாரை எடுத்தது. 1689இல் பூட்டிய கதவுக்கு உள்ளே யார் இருந்தார்கள், யார் வெளியே நின்று காவல் பார்த்தார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. அதற்கு வரலாற்று நூல்களில் நான் விடை காணவில்லை.

ஓர் அறையில் நால்வர்

1983க்குப் பிறகு கதை எல்லோருக்கும் தெரியும். ஊரடங்குக்குள் சாமப் பூசை பின்னேரப் பூசையானது. 1985இல், மூவிராசாக்கள் திருநாளான ஜனவரி 6ஐ ஒட்டிய இரவில், வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990க்குப் பிறகு மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய் பொன்விலை. ஜாம் போத்தல் விளக்கில் குடில் வைத்ததாகத் தங்கை எழுதினாள். 1995 யூலையில் நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த, சைவரும் கத்தோலிக்கருமான நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுவீச்சில் இறந்தார்கள். அவ்வாண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமமே பெயர்ந்தது. அந்த நத்தாருக்குத் தென்மராட்சியில், பிறர் வளவில் போட்ட கொட்டிலில், தங்கை ஒரு சிரட்டையில் பயறு முளைக்க வைத்தாளாம். 2005 நத்தார்ச் சாமப் பூசையில் மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள் வைத்தே யோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். கோயில் காக்கும் என்ற நம்பிக்கை எம் தலைமுறைக்கு இப்படியாகத்தான் கழன்றது.

நான் ஜேர்மனிக்கு வந்து கண்ட முதல் நத்தார் 1985. அகதிகள் விடுதியில் ஓர் அறையில் நால்வர். இருவர் சைவர். நான் கத்தோலிக்கன். நாலாவது இளைஞனும் கத்தோலிக்கன், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். வேறொரு நகரில் தமிழ்ச் சுவாமியார் ஒருவர் பூசை வைப்பதாகக் கேள்விப்பட்டோம். 1982இன் அகதிச் சட்டப்படி எமக்கு விதிக்கப்பட்ட எல்லையைத் தாண்ட எழுத்தில் அனுமதி வேண்டும். நாங்கள் 'உர்லாப்' என்று சொன்ன அந்தக் கடதாசி எமக்குக் கிடைக்கவில்லை. அறையிலேயே செபம் சொல்வோம் என்று முடிவாயிற்று. சப்பாத்துப் பெட்டியில் குடில். சுரூபம் இல்லாததால் தொட்டில் வெறுமையாகவே இருந்தது. எனக்கு மன்றாட்டு பாதியில் தடக்கியது. அந்த இளைஞன் தடங்கலில்லாமல் முழுவதையும் சொல்லி முடித்தான். சைவ நண்பர் ஒருவர் மெழுகுதிரி அணையாமல் கையால் மறைத்துப் பிடித்தபடி இருந்தார்.

முடிந்ததும் அவனிடம், "எங்கை பழகினனீர்?" என்று கேட்டேன்.

"உங்கட வீடுகளிலதான்," என்றான். "நாங்கள் முற்றத்தோட நிண்டு கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினது."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதிலும் இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் அவன் கனடாவுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு நத்தாருக்கும் பேசுகிறோம். அந்த வார்த்தையைப்பற்றி இருவரும் திரும்பக் கதைத்ததில்லை.

இனிப் பேத்தியின் கேள்வி. திருவருகைக்கால வளையத்தில் இரண்டாவது மெழுகுதிரியைக் கொளுத்தும்போது கேட்டாள்: "அம்மப்பா, இது எங்கட பழக்கமோ, ஜேர்மன்காரற்றையோ?" வளையத்தின் கதையைச் சொன்னேன். 1839இல் ஹம்பேர்க்கில் வறிய பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்திய வீஹேர்ன் என்ற புரட்டஸ்தாந்து போதகர், நத்தார் எப்ப வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சில்லில் மெழுகுதிரிகளைச் செருகினார். ஞாயிறுகளுக்குப் பெரியவை, மற்ற நாட்களுக்குச் சிறியவை. ஜேர்மன் கத்தோலிக்கர் அதை ஏற்றது அடுத்த நூற்றாண்டில், இருபதுகளின் பின்னரே. அவர்களும் அதை அயல்வீட்டிலிருந்து எடுத்தவர்கள்தான். குடில் வைப்பதே 1223இல் பிரான்சிஸ் அசிசியார் கிரெச்சோ என்ற இத்தாலிய ஊரில் செய்ததிலிருந்து பரவிய வழக்கம். "அப்ப ஒண்டுமே ஒருத்தற்றையும் இல்லையோ?" என்றாள். பதிலுக்கு நான் குரக்கன் எடுத்து வந்தேன். இந்தக் குளிரில் யன்னலோரம், வெப்பமூட்டிக்கு மேலே, பத்து நாளில் முளைத்தது. அம்மம்மா பற்றியும் சொன்னேன். முற்றத்தைப்பற்றியும் சொன்னேன். அதுதான் அவளுக்குச் சொல்ல மிகக் கடினமாக இருந்தது.

வளையம் வைப்பதா விடுவதா என்ற தூய்மை விவாதத்தில் எனக்கு இனி ஆர்வமில்லை. எமது வீட்டு நத்தாருக்கு ஓர் உண்மையான பெருமை உண்டு. கோயிலும் குருவும் அரசும் கைவிட்ட காலங்களில் சாதாரண மனிதர்கள், அதிலும் பெண்கள், ஒரு விறாந்தையில் அதைக் காத்தார்கள். அதே விறாந்தைக்கு ஒரு படியும் இருந்தது, எல்லோரும் அதில் ஏற முடியவில்லை. புலம்பெயர் மலர்களில் வரும் எமது நத்தார் நினைவுகள் முதலாவதை மட்டுமே எழுதுகின்றன. நானும் பல ஆண்டுகள் அப்படியே எழுதியவன்.

ஆகவே இந்த இதழின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விறாந்தையில் இருந்தவர்கள் போதிய அளவு எழுதிவிட்டோம். முற்றத்தில் நின்று செபம் பழகியவர்கள் எழுத வேண்டும். அந்த இளைஞனுக்கு, இப்போது அவனும் பேரப்பிள்ளைகள் கண்டவன், இந்தக் கட்டுரையின் பிரதியை அனுப்புகிறேன். அவன் என்னை மறுத்து எழுதினாலும் அதை ஆசிரியர் குழு அப்படியே வெளியிட வேண்டும்.